நாயின் தட்டும் மாத்திரைப் புட்டியும்

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏழெட்டு வயதைக் கடந்த நாய் வைத்திருப்பவர்கள், அதற்கு ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை வாங்கித் தரலாமா என்று இப்போது அடிக்கடி கேட்கிறார்கள். தட்டை முதலில் பாருங்கள், புட்டியைப் பிறகு பார்க்கலாம் என்பதே என் நெடுநாள் கட்சி.

உடல் பிராணவாயுவைக் கொண்டு ஆற்றலைப் பெறும்போது, செல்களைச் சிதைக்கக்கூடிய ஃப்ரீ ரேடிக்கல்களும் உண்டாகின்றன. அவற்றை அடக்குபவையே ஆன்டி ஆக்சிடன்டுகள். இவற்றுள் வைட்டமின் சியை நாய் தன் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறது. நம்மால் அது முடியாது. ஆகவே, நலமாக இருக்கும் நாய்க்கு அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. வைட்டமின் ஈயோ உணவிலிருந்துதான் வந்தாக வேண்டும். மேலும், மத்தி, கெம்போங் போன்ற கொழுப்பு மீன்களை நாள்தோறும் அவித்துப் போடும் வீடுகளில் அதன் தேவை இன்னும் கூடுகிறது.

நாய் பிஸ்கட்டின் மேல் கொழுப்பு பூசப்பட்டிருக்கிறது; அது கெடாமலிருக்கத் தயாரிப்பாளர்கள் வைட்டமின் ஈ வகைப் பொருள்களையோ வேறு பாதுகாப்புப் பொருள்களையோ சேர்க்கிறார்கள். அந்தப் பிஸ்கட்டை, வாய் திறந்த சாக்கிலிருந்து கிலோ கணக்கில் நிறுத்துத் தரும் கடையில் வாங்கி, நம் ஊர் வெக்கையில் அடுப்படியில் வைத்தால் என்ன ஆகும்? கொழுப்பு காறிப்போகும், அதைக் காக்கும் முயற்சியிலேயே வைட்டமினும் தீர்ந்துபோகும். ஒரு பிஸ்கட்டை நொறுக்கி முகர்ந்து பாருங்கள். தீபாவளிக்குச் சுட்டு டின்னில் மறந்துவிட்ட முறுக்கின் வாடை அடித்தால் அதைக் கொட்டிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் தீரும் அளவில் சிறிய பை வாங்கி, அந்தப் பையோடே மூடியுள்ள டின்னில் வையுங்கள். பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள். டின்னின் சுவரில் படிந்த பழைய எண்ணெய் புதியதையும் கெடுக்கும். இதை நான் போகுமிடமெல்லாம் சொல்வதாக வீட்டில் கேலி செய்கிறார்கள்; இன்றும் சொல்கிறேன், பழையதன் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.

அடுத்தது வெங்காயம். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை ஆக்சிஜனேற்றத்தால் சிதைத்து, இரத்தசோகையை உண்டாக்கும். வேக வைத்தாலும் அந்தக் கேடு நீங்காது. காலையில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, இரவில் மிஞ்சிய கோழிக்குழம்பைச் சோற்றில் பிசைந்து போடுவதில் என்ன பயன்?

ஆன்டி ஆக்சிடன்டுகளால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆய்வாளர்கள் முதிய பீகிள் நாய்களுக்கு வைட்டமின் ஈ, சி, கீரை, தக்காளி, கேரட் முதலியன சேர்த்த உணவைக் கொடுத்து, 2005இல் வெளியிட்ட முடிவுகளில், கற்கும் திறன் மேம்பட்டதைக் காட்டினார்கள். ஆனால் அந்த உணவோடு நடையும், கூட்டாளி நாயும், விளையாட்டுப் பொருள்களும் கிடைத்த நாய்களே மற்ற நாய்களைவிடச் சிறந்து விளங்கின. நாள் முழுதும் சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு மாத்திரை மட்டும் என்ன செய்யும்?

நேரம் முடிவதாகக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து சைகை காட்டுகிறார்கள்; மாத்திரையின் அளவைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாக: நமக்கான மாத்திரையை நாய்க்குக் கொடுக்காதீர்கள். சிலவற்றில் சைலிட்டால் எனும் இனிப்பு இருக்கும். அது நாய்க்கு நஞ்சு. ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைகளில் சேர்க்கப்படும் லிப்போயிக் அமிலமும் செலினியமும் அளவு மீறினால் ஆபத்தானவை. கால்நடை மருத்துவரிடம் போகும்போது பிஸ்கட் பையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வணக்கம்.