நேயர் சந்தேகம்: மாமனாரின் பழைய ஜிம்னியைக் குடும்ப வண்டியாக்கலாமா?

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு சகோதரி நீளமான கேள்வி ஒன்றை அனுப்பியிருக்கிறார். சுருக்கிச் சொல்கிறேன். அவருடைய மாமனார் தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். அவர் ஓட்டிய பழைய சுசுகி ஜிம்னி, எஸ்ஜே 410, வீட்டு வாசலில் நிற்கிறது. பெரிய திரை, எல்இடி விளக்கு, உயரமான டயர் எல்லாம் போட்டு அதையே அன்றாட வண்டியாக்கலாம் என்பது கணவரின் ஆசை. இதற்கிடையில் 1990களின் ஐந்து கதவு மிட்சுபிஷி பஜேரோ ஒன்று, 2.8 டீசல், விலைக்கு வந்திருக்கிறது. ஒரு பெரோடுவா கெம்பாராவும் பார்த்து வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆறு வயது மகன், எட்டு மாதக் குழந்தை, முழங்கால் வலியுள்ள மாமியார். வார நாட்களில் இந்த மூவரையும் ஏற்றிக்கொண்டு பள்ளி, சந்தை, கிளினிக் என்று ஓட்டப்போவது சகோதரிதான். எதை எடுப்பது, எதற்கு முதலில் செலவு செய்வது என்று கேட்கிறார்.

சகோதரி, ஜிம்னி வேண்டாம். உங்கள் கணவருக்கு வருத்தமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்பா ஓட்டிய வண்டி அது. செம்மண் பாதையில் அதன் பின்னால் உட்கார்ந்து வளர்ந்தவருக்கு அதைவிட்டு வேறு வண்டியை நினைக்க மனம் வராது. ஆனால் குடும்ப வண்டியைப் பின் இருக்கையில் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்த்தால் எந்தப் பழைய ஜீப்பும் அழகாகத்தான் இருக்கும்.

எஸ்ஜே 410க்குச் சக்கர இடைவெளி, அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம், 2,030 மில்லிமீட்டர்தான். 970 சிசி எஞ்சின், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். தொடக்க கால வண்டிகளில் முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். இரண்டே கதவுகள். முன் இருக்கையை மடித்து, உடலை வளைத்து, கைக்குழந்தையை உள்ளே கொண்டுபோய் இருக்கையில் கட்ட வேண்டும். மழை கொட்டும் நேரத்தில், ஒரு கையில் குடையோடு, பள்ளி வாசலில் இதைச் செய்வதை நினைத்துப் பாருங்கள். முழங்கால் வலியுள்ள மாமியாரை அந்த இடுக்கு வழியாகப் பின்னால் ஏறச் சொல்லவே முடியாது.

சீட் பெல்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். நம் நாட்டில் பின் இருக்கையில் பெல்ட் அணிவது 2009 ஜனவரி 1 முதல் கட்டாயம். குழந்தை இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். வாங்கும் குழந்தை இருக்கையில் ஆர்44 அல்லது ஆர்129 என்ற தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் மகன் வயதுக்கான பூஸ்டர் இருக்கைக்குத் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மூன்று முனைப் பெல்ட் வேண்டும். இடுப்புப் பெல்ட் மட்டும் இருந்தால், திடீரென்று நிறுத்தும்போது குழந்தையின் மேல் உடம்பு மடிந்து, பாரம் முழுவதும் வயிற்றில் இறங்கும்.

"பெல்ட்தானே, மாட்டிக்கொள்ளலாம்" என்று சொல்வார்கள். நானும் அப்படி மாட்டினேன். என் மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது, என்னிடமும் குட்டையான இரண்டு கதவு ஜீப் ஒன்று இருந்தது. ஒரு பட்டறையில் கொடுத்துப் பின்னால் பெல்ட் போட்டு வாங்கினேன். பார்க்கப் புத்தம் புதிது. சில மாதம் கழித்து, வண்டியைக் கழுவும்போது பெல்ட்டைப் பிடித்து வேகமாக இழுத்தேன். போல்ட், வாஷர், துருப்பிடித்த தகடு எல்லாம் சேர்ந்து என் கையோடு வந்துவிட்டது. மெல்லிய தகட்டில் துளைபோட்டு, ஒரு சின்ன வாஷரை வைத்து முறுக்கியிருந்தார்கள். அன்று அந்த இருக்கையில் என் மகள் இல்லை. ஆனால் அதற்கு முந்தின நாள் இருந்தாள். அதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. பெல்ட்டின் பிடிமானம், வண்டியைச் செய்தவர்களே அதற்கென்று தடித்த இரும்பு வைத்து அமைத்த இடத்தில்தான் இருக்க வேண்டும். அந்த இடமே இல்லாத வண்டியைக் குழந்தைகளுக்கென்று எடுக்காதீர்கள்.

அப்படியானால் கெம்பாராவா, பஜேரோவா? கெம்பாரா 1998இல் வந்தது. டைஹட்சு டெரியோஸைத் தழுவிய வண்டி. நான்கு சக்கரமும் எப்போதும் இயங்கும், பெட்ரோல் வண்டி, நம் ஊர்ச் சந்துகளில் சுலபமாகத் திரும்பும். மூன்று பேர் குடும்பமாக இருந்தால் யோசிக்காமல் அதையே எடுக்கச் சொல்லியிருப்பேன். ஆனால் உடல் குறுகலானது. இரண்டு குழந்தை இருக்கைகளை வைத்தபின் நடுவில் பெரியவர் ஒருவர் உட்கார இடம் போதாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் ஈப்போவுக்குப் புறப்படும்போது ஒருவர் வீட்டில் தங்க வேண்டியிருக்கும்.

அதனால் என் தேர்வு ஐந்து கதவு பஜேரோ. அதே காலத்து மூன்று கதவு பஜேரோவின் சக்கர இடைவெளி 2,420 மில்லிமீட்டர். ஐந்து கதவுக்கு 2,725. கூடுதல் இடம் முழுவதும் பின்னால் இருப்பவர்களுக்குக் கிடைக்கிறது. இன்னொரு நல்ல விஷயம், சூப்பர் செலக்ட் என்ற நான்கு சக்கர இயக்க அமைப்பு உள்ள வண்டியாக இருந்தால் தார்ச்சாலையிலும், மழையிலும் நான்கு சக்கரமும் இயங்கும் 4எச் நிலையில் ஓட்டலாம். ஜிம்னி போன்ற வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுத் திரும்பினால், முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று இழுத்து, டயரும் பற்சக்கரமும் தேயும். பஜேரோவிலும் 4எச்எல்சி என்ற பூட்டிய நிலையைச் சேற்றுக்கும் சரளைக்கும் மட்டும் வையுங்கள்.

டீசல் செலவையும் மறைக்க மாட்டேன். 2024 ஜூன் 10இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை ஒரே நாளில் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35க்கு ஏறியது. தகுதியுள்ள தனிநபர் உரிமையாளர்களுக்கு மாதம் 200 ரிங்கிட் உதவித்தொகை அறிவித்தார்கள். உங்களுக்கு அந்தத் தகுதி உண்டா என்று பார்த்துவிட்டு மாதக் கணக்கைப் போடுங்கள்.

பார்க்கப் போகும்போது கீழே குனிந்து பாருங்கள். தோட்டத்து வண்டிகளில் எல்லாரும் சேற்றைத்தான் தேடுவார்கள். நான் உரத்தைத் தேடுவேன். செம்பனைக்குப் போடும் பொட்டாசியம் உரம் குளோரைடு உப்பு. மூட்டை கிழிந்து சிந்திய தூள் பின் தரைவிரிப்புக்கு அடியில் தங்கி, ஈரத்தோடு சேர்ந்து இரும்பை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். விரிப்பைத் தூக்கச் சொல்லுங்கள். தரையையும் பெல்ட் பிடிமானத்தையும் விரலால் அழுத்திப் பாருங்கள். விற்பவர் தூக்க மறுத்தால் வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

2.8 எஞ்சினில் டைமிங் சங்கிலி இருக்கிறது, 2.5 எஞ்சினில் இருப்பது டைமிங் பெல்ட், அது அறுந்தால் எஞ்சினுக்குள் பெரிய சேதம் ஆகும். ஆனால் 2.8 அதிகமாகச் சூடேறினால் சிலிண்டர் ஹெட்டில் வெடிப்பு விழும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, வண்டியை ஓடவிட்டுத் தண்ணீரில் குமிழிகள் தொடர்ந்து வருகின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். வண்டி தோட்ட நிறுவனத்தின் பெயரில் இருந்தால் கிராண்டை, அதாவது பதிவுச் சான்றை, முதலில் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்கு முன் புஸ்பாகோம் வாகனப் பரிசோதனையில் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் ஒப்பிடுவார்கள்.

வாங்கிய பிறகு செலவு. முதல் பணம் பிரேக்குக்கு. ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அடுத்தது டயர். பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும்; 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று பழைய டயரை வைத்துக்கொள்ளாதீர்கள். சேற்று டயர் நகரத்துக்கு ஆகாது. அது இரைச்சல் போடும். நனைந்த தார்ச்சாலையில் நிற்க அதிக தூரம் எடுக்கும். வண்டியை உயர்த்தவும் வேண்டாம். உயர்த்தினால் மாமியார் ஏற முடியாது, வளைவில் கவிழும் ஆபத்தும் கூடும். அதற்குப் பதில் பக்கப் படி ஒன்றும், கைபிடிக்க உறுதியான பிடி ஒன்றும் போடுங்கள்.

விளக்கைப் பற்றி உங்கள் கணவர் கேட்பார். பழைய வண்டியில் வெளிச்சம் மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பல்பு இல்லை. மின்சாரம் முழுவதும் மெல்லிய கம்பி வழியாகச் சுவிட்சைக் கடந்து வருவதால் வலு குறைகிறது. பேட்டரியிலிருந்து தடித்த கம்பி இழுத்து ரிலே போட்டால், பழைய எச்4 பல்பே நன்றாக எரியும். பல்புக்கென்று செய்த விளக்குக் கிண்ணத்தில் எல்இடியைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே மோட்டார்சைக்கிளில் வருபவரின் கண்ணில் அடிக்கும். அதிகாலையில் வேலைக்குப் போகும் நம் ஆட்கள்தான் அந்த மோட்டார்சைக்கிளில் வருகிறார்கள்.

திரை போடுங்கள், ஆனால் பின்புறக் கேமராவோடு. பின் கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரம் கீழே நிற்கும் குழந்தையை மறைத்துவிடும். உங்கள் சின்னது இன்னும் சில மாதத்தில் முற்றத்தில் நடக்கத் தொடங்கிவிடும். ஏசி பழைய ஆர்12 வாயுவில் ஓடுவதாக இருந்தால் ஆர்134ஏவுக்கு மாற்றும்போது கம்ப்ரெசர் எண்ணெய், ரப்பர் வளையங்கள், டிரையர் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லாத வண்டியில் அவற்றைப் பிறகு நம்பகமாகப் பொருத்த வழி இல்லை. அதனால் முன்னால் போகும் வண்டிக்கு நிறைய இடம் விட்டே ஓட்டுங்கள். நிறம் மாற்ற நினைத்தால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் பதிவு செய்ய வேண்டும்.

ஜிம்னியை விற்காதீர்கள். சாலை வரியைக் கட்டி, வாரம் ஒருமுறை ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை ஈரப் புல்வெளியிலோ செம்மண்ணிலோ நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டினால் உள்ளே எண்ணெய் பரவி, சீல்கள் காயாமல் இருக்கும். உங்கள் ஊருக்குப் பக்கத்து லாசா பக்கம் ஒரு காலை நேரம் உங்கள் கணவர் தனியாகப் போய்வரட்டும்.

பஜேரோவைப் பார்க்கப் போகும் நாளில் மாமியாரையும் இரண்டு குழந்தை இருக்கைகளையும் கூட்டியே கொண்டுபோங்கள். இருக்கைகளைக் கட்டுங்கள், மாமியாரை முன்னால் ஏறி இறங்கச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் நடுவில் உட்காருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். பேரம் பேசுவதற்கு முன்பே எழுதுங்கள்.