உலக சாதனையை முந்தியும் இரண்டாம் இடம்

நேயர்களுக்கு வணக்கம். 1976 ஜூலை 26, மாண்ட்ரியல் ஒலிம்பிக். பெண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். அன்று ஓட்டம் தொடங்கும் வரை உலக சாதனை 1 நிமிடம் 56 விநாடி. பல்கேரியாவிலிருந்து வந்த 21 வயது நிகோலினா ஷ்டெரேவா 1 நிமிடம் 55.42 விநாடியில் ஓடி முடித்தார். பழைய சாதனையைவிட அரை விநாடிக்கும் மேல் வேகம். ஆனாலும் அவருக்குக் கிடைத்தது வெள்ளிதான். சோவியத் ஒன்றியத்தின் தத்தியானா கசன்கினா 1 நிமிடம் 54.94 விநாடியில் வந்து தங்கத்தையும் புதிய உலக சாதனையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார். மூன்றாவதாகவும் நான்காவதாகவும் வந்த கிழக்கு ஜெர்மனிப் பெண்கள்கூடப் பழைய சாதனையைத் தாண்டியிருந்தார்கள். ஒரே ஓட்டத்தில் நான்கு பேர்! அதற்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்த வலண்டினா கெராசிமோவாவோ இறுதிச் சுற்றுக்கே வரவில்லை, அரையிறுதியோடு வெளியேறிவிட்டார்.

ஷ்டெரேவா எங்கிருந்தோ திடீரென்று முளைத்தவர் இல்லை. ஒரு கோடிப் பேர்கூட இல்லாத பல்கேரியாவில் எழுபதுகளில் 800 மீட்டருக்கென்று ஒரு வரிசையே இருந்தது. ஸ்வெட்லா ஸ்லாதேவா 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் நான்காவதாக வந்தார். அடுத்த ஆண்டு ஏதென்ஸில் 1 நிமிடம் 57.48 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். லிலியானா தோமோவா 1974இல் ரோமில் ஐரோப்பிய சாம்பியன் ஆனார். இவர்களுக்குப் பின்னால் வந்தவர்தான் ஷ்டெரேவா. 1976 தொடக்கத்தில் மியூனிக்கில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் தங்கம் வாங்கிவிட்டுத்தான் மாண்ட்ரியலுக்குப் போனார். அங்கே அதே இறுதி ஓட்டத்தில் ஸ்லாதேவாவும் ஓடி ஆறாவதாக வந்தார். தன் நாட்டு மூத்த வீராங்கனையோடு ஒரே கோட்டில் நின்று, அவரை முந்தி ஓடியிருக்கிறார் ஷ்டெரேவா.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் முதன்முதலாக ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்ததும் சிலர் களைத்துப் படுத்துவிட்டார்கள். பத்திரிகைகள் அதை ஊதிப் பெரிதாக்கின. பெண்களுக்கு இது ஆகாது என்று பந்தயத்தையே எடுத்துவிட்டார்கள். மறுபடி சேர்த்தது 1960இல்தான். 1500 மீட்டரைப் பெண்களுக்குத் திறந்துவிட்டது அதற்கும் பிறகு, 1972இல். 1928க்குப் பிறகு பந்தயத்தையே எடுத்துவிட்ட அந்த முடிவை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஷ்டெரேவாவின் தலைமுறை அந்தக் கதவு திறந்து கொஞ்ச காலமே ஆன நேரத்தில் ஓடியது.

சரி, 800 மீட்டரோடு அவர் நிற்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஜூலை 30 அன்று, 1500 மீட்டர் இறுதியிலும் ஓடினார். இது வேறு மாதிரியான ஓட்டம். யாரும் முன்னால் போய் வேகம் கொடுக்கவில்லை. மெதுவாகவே போய், எல்லாம் கடைசிச் சுற்றில் தீர்மானமானது. ஒரு மாதம் முன்பு இதே தூரத்தை 3 நிமிடம் 56 விநாடியில் ஓடி உலக சாதனை வைத்த கசன்கினா, இங்கே 4 நிமிடம் 5.48 விநாடியில் வென்றார். முதல் நான்கு பேருக்கும் இடையே மொத்தமே 1.09 விநாடி. அந்த நான்காவது ஆள் ஷ்டெரேவா. நான்கு வருடம் முன்பு மியூனிக்கில் இந்தப் பந்தயத்தின் முதல் தங்கத்தை வென்ற லுத்மிலா பிராகினா அவருக்குப் பின்னால் ஐந்தாவது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 800 மீட்டரில் தங்கத்துக்கும் அவருக்கும் இடையே 0.48 விநாடி. 1500 மீட்டரில் வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே அதே 0.48 விநாடி. அவர்கள் ஓடிய வேகத்தில் அது சுமார் மூன்று மீட்டர், அதாவது இரண்டு எட்டு.

அந்தக் காலத்து நேரங்களை இன்று பலர் சந்தேகத்தோடுதான் பார்க்கிறார்கள். கிழக்கு ஜெர்மனியில் அரசே திட்டமிட்டு வீரர்களுக்கு ஊக்கமருந்து கொடுத்ததற்கான ஆவணங்கள் பின்னால் வெளிவந்தன. அதை மறைத்துப் பேசுவது நியாயமில்லை. ஆனால் அந்த நிழலைக் காட்டி, ஆதாரமில்லாமல் தனி ஒருவரின் உழைப்பை ஒதுக்கித் தள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

அப்புறம் 1979இல் வியன்னாவில் ஐரோப்பிய உள்ளரங்கத் தங்கத்தை ஷ்டெரேவா மறுபடி வென்றார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் மீண்டும் 800 மீட்டர் இறுதிக்கு வந்து ஏழாவது இடம் பிடித்தார். அந்த முறை மூன்று பதக்கங்களும் சோவியத் பெண்களுக்கே போயின.

மாண்ட்ரியலில் தடகளத்தில் பல்கேரியா வாங்கிய நான்கு பதக்கங்களுமே பெண்கள் வாங்கியவை. குண்டு எறிதலில் இவான்கா ஹ்ரிஸ்தோவா வென்றது அந்நாட்டின் முதல் தடகளத் தங்கம் என்பதால், ஊரில் பேச்செல்லாம் அவரைப் பற்றியே இருந்திருக்கும். ஆனால் ஒலிம்பிக்கில் 800 மீட்டரிலோ 1500 மீட்டரிலோ ஒரு பல்கேரியப் பெண் வாங்கிய பதக்கம் ஷ்டெரேவாவுடையது ஒன்றுதான். நன்றி, வணக்கம்.