பதறாத காரியம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, எனக்கு முன் அருமையாகப் பேசி என் நேரத்திலும் பாதியை எடுத்துக்கொண்ட துணைத் தலைவர் அவர்களே, என்னிடம் இல்லாத பெருமைகளையெல்லாம் வரவேற்புரையில் எனக்குச் சூட்டிய செயலாளர் அவர்களே, நாற்காலி கிடைக்காமல் ஓரமாக நிற்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மன அழுத்தத்தைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: உடம்பு, குடும்பம், அலுவலகம். 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள் பெரியவர்கள். எங்கே பேசப் போனாலும் இதைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

முதலில் உடம்பு. ஹான்ஸ் செலி என்ற ஆய்வாளர் எலிகளைக் குளிரில் வைத்தார், ஓயாமல் ஓட வைத்தார், நஞ்சு கொடுத்தார். துன்பம் வேறு வேறு. உடம்புக்குள் நடந்தது ஒன்றே. சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி வீங்கியது, வயிற்றில் புண் வந்தது. 1936இல் அதை எழுதினார். நமக்கும் ஆபத்து என்றால் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஆபத்து விலகினால் அடங்கிவிடும். விலகாவிட்டால்?

இங்கே ஒரு கதை. எனக்குத் தெரிந்த ஒருவர், பெயர் வேண்டாம். இரவு பதினொரு மணிக்கு மேலதிகாரியிடமிருந்து ஒரு செய்தி. என்ன செய்தி? ஒரே ஒரு கேள்விக்குறி! மனிதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எந்தக் கோப்பு? என்ன தப்பு? மனைவி, "அவரிடமே கேளுங்களேன்" என்றார். "இந்த நேரத்தில் மேலதிகாரியைத் தொந்தரவு செய்யலாமா?" என்றார் இவர்! (சிரிப்பு) தொந்தரவு எந்தப் பக்கம் இருக்கிறது பாருங்கள். தனக்குக் கீழே இருப்பவருக்கு அதே கேள்விக்குறியை அனுப்பினார். அவர் அடுத்தவருக்கு. நள்ளிரவில் ஒரு பிரிவே விழித்திருந்தது. விடிந்ததும் அலுவலகம் போய்ப் பவ்வியமாக விசாரித்தால், "ஓ, அதுவா? கை பட்டுப் போயிருக்கும்" என்றாராம் அதிகாரி. (கைதட்டல்)

பதறாத காரியம் சிதறாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதற வைப்பவரை யார் கேட்பது? மூச்சுப் பயிற்சி செய், நடந்து போ, நன்றாகத் தூங்கு என்கிறார்கள். நல்லதுதான், நானும் செய்கிறேன். ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோய் என்று சொல்லவில்லை. சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றது. அப்படியென்றால் மருந்தை ஊழியருக்கு மட்டும் கொடுத்து என்ன பயன்? வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததால் பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016இல் மட்டும் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள் என்பது அந்நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீடு.

குடும்பத்தைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அவர் மீது பெருமதிப்பு உள்ளவன் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பணி முடிந்தபின் அழைப்புக்குப் பதில் சொல்லாமலிருக்கும் உரிமையைத்தான் நாங்கள் கேட்டு வருகிறோம். பிரான்சில் 2017 முதல் சட்டத்தில் இருக்கிறது. போர்ச்சுகல் 2021இல் முதலாளிகளுக்கே கட்டுப்பாடு விதித்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில் வந்தது. அங்கே ஊழியர் பதில் சொல்ல மறுக்கலாம், அந்த மறுப்பு நியாயமில்லாததாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். நெருப்புப் பிடித்தால் கூப்பிடுங்கள், ஓடி வருகிறோம். நாளை மதியம் வேண்டிய அறிக்கைக்கு இன்று நள்ளிரவில் ஏன் கூப்பிட வேண்டும்?

வாசலில் மேசைமேல் கோரிக்கை மனு இருக்கிறது. முதல் கையெழுத்துத் தலைவருடையதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. செயலாளர் பேனாவை நீட்டிவிட்டார். மறுக்கமாட்டார் என்று நம்புகிறேன். நன்றி, வணக்கம்.