ரிப்போர்ட்டையும் பிள்ளையையும் சேர்த்துப் படியுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். பரம்பரைத் தசைநோய் உள்ள குழந்தைகளுக்கு மரபணுப் பரிசோதனை செய்தால், சில வாரங்களில் ஒரு ரிப்போர்ட் கைக்கு வரும். அதிலுள்ள ஒரே ஒரு வரியை வைத்துக்கொண்டு குடும்பமே இடிந்துபோவதைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

ஒருமுறை வெளியே காத்திருந்த இரண்டு அம்மாக்கள் ரிப்போர்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பையன்களுக்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற தசைப் புரதத்தை உருவாக்கும் மரபணுவில்தான் குறை. அந்த மரபணுவில் எக்ஸான் என்று 79 துண்டுகள் உண்டு. ஒரு பையனுக்கு 45ஆவது மட்டும் இல்லை. இன்னொருவனுக்கு 45, 46, 47 மூன்றுமே இல்லை. "என் பிள்ளைக்கு மூணு போயிடுச்சே டாக்டர்" என்று இரண்டாவது அம்மா அழுதுகொண்டே உள்ளே வந்தார்.

ஆனால் அவர் பையன் மாடிப்படி ஏறித்தான் வந்தான். ஓடினால் கெண்டைக்கால் வலிக்கிறது, அவ்வளவுதான். ஒரு துண்டு மட்டும் போன பையனோ தரையிலிருந்து எழ, முழங்காலில் கை ஊன்றி, தொடையைப் பிடித்துப் பிடித்து நிமிர்ந்தான்.

எப்படி? நம் செல் மரபணுவின் எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கும். 45ஆவது எக்ஸானில் 176 எழுத்துகள். மூன்றால் வகுத்தால் மீதி வரும். அது போனால் அதற்கப்புறம் எல்லாமே தடம் மாறி, புரதம் பாதியில் நின்றுவிடும். பெரும்பாலும் அது கடுமையான டூஷென் நோய். மூன்று துண்டும் போனால் குறைவது 474 எழுத்துகள். மூன்றால் மீதியின்றி வகுபடும். புரதம் குட்டையானாலும் ஓரளவு வேலை செய்யும். அது மிதமான பெக்கர் நோய். எவ்வளவு போனது என்பதைவிட, மிச்சம் எப்படிப் படிக்கப்படுகிறது என்பதே முக்கியம். இந்த விதிக்கும் விலக்குகள் உண்டு. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ரிப்போர்ட்டையும் பிள்ளையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, இன்னொரு வரி. மரபணு மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிப்பார்கள். 2015இல் அமெரிக்க மரபியல் வல்லுநர்கள் வகுத்த முறை இது. ஒரு முனையில் நோய் உண்டாக்குவது, மறு முனையில் தீங்கில்லாதது. நடுவில் இருப்பது வி.யு.எஸ்.; இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று பொருள். உலகத் தரவுத்தளங்களில் இந்தியர்களின் மாதிரிகள் குறைவு. அதனால் நம்மவர்கள் ரிப்போர்ட்டில் இது அடிக்கடி வரும்.

தம்பியின் ரிப்போர்ட்டில் வி.யு.எஸ். என்று வந்ததற்காக அக்காவின் கல்யாணப் பேச்சை நிறுத்திய வீட்டை நான் அறிவேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அதை மட்டும் வைத்துக் கருவையும் கலைக்காதீர்கள். அப்பா அம்மாவுக்கும் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள். தேவைப்பட்டால் தசையில் ஒரு துணுக்கு எடுத்து, சம்பந்தப்பட்ட புரதம் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஓரிரு வருடம் கழித்து அதே ரிப்போர்ட்டை மறுபடி ஆராயச் சொல்லுங்கள், வகை மாறக்கூடும்.

தாய்மார்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்தேன், நேரம் ஆகிவிட்டது. டூஷென் பையன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது புதிதாக ஏற்பட்ட மாற்றம். அம்மாவிடமிருந்து வந்ததே அல்ல. அம்மாவுக்கும் அந்த மாற்றம் இருந்தால், உடம்பில் எந்தத் தொந்தரவும் தெரியாவிட்டாலும், அவர் தன் இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும். வணக்கம்.