நிபுணரின் படிப்பும் கிழக்கின் நோயாளியும்

நேயர்களுக்கு வணக்கம். மட்டக்களப்பில் வாய், தாடை, முகச் சத்திரசிகிச்சைத் துறையில் பணியாற்றும் ஒருவராக இந்த வானொலி உரைக்கு அழைக்கப்பட்டிருக்கிறேன். பல் துலக்கும் முறை பற்றிப் பேசுவேன் என்று சிலர் எதிர்பார்த்திருப்பீர்கள். அதைப் பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். இன்று நான் எங்கள் படிப்பைப் பற்றிப் பேசப்போகிறேன். பல் வைத்திய நிபுணர்கள் எதைப் படிக்கிறார்கள், எப்போது படிக்கிறார்கள், கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு எப்படிப் படிக்கிறார்கள் என்பதெல்லாம் நோயாளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதன் பலனையும் பாதிப்பையும் அனுபவிப்பவர் அவர்தானே.

இந்த நாட்டில் பல் வைத்தியராக வேண்டுமென்றால் நீண்ட காலமாகப் பேராதனைக்குத்தான் போகவேண்டியிருந்தது. பட்டம் பெற்று, அரச சேவையில் சேர்ந்து, பிறகு கொழும்பிலுள்ள பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் தெரிவுப் பரீட்சையில் தேற வேண்டும். பல வருடப் பயிற்சி, இறுதிப் பரீட்சை, வெளிநாட்டு வைத்தியசாலையில் பயிற்சி என்று அது நீளும். சத்திரசிகிச்சை, பல்வரிசை சீரமைப்பு, பல் மீளமைப்பு, வாய் நோயியல், சமுதாயப் பல் வைத்தியம் என ஒவ்வொரு பிரிவுக்கும் தனி வழி. இவ்வளவையும் முடித்து நிபுணர் என்ற சான்றிதழ் கைக்கு வரும்போது இளமையின் பெரும்பகுதி போயிருக்கும். அதன் பிறகு ஓய்வுபெறும் நாள் வரை எந்தப் பரீட்சையும் இல்லை. பிரித்தானியாவில் ஒரு பல் வைத்தியர் 5 ஆண்டுகளுக்குள் குறைந்தது 100 மணித்தியாலம் தொடர்கல்வி கற்றதாகக் கணக்குக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அவரது பதிவுக்கே ஆபத்து. இங்கே அது பெரும்பாலும் அவரவர் மனச்சாட்சியின் பொறுப்பில் விடப்பட்டிருக்கிறது.

மனச்சாட்சி மட்டும் போதாது என்பது என் கருத்து. அதற்கு என் துறையிலிருந்தே ஒரு சான்று தருகிறேன்.

நாக்கின் ஓரத்தில் ஒரு சிறிய புற்றுநோய். கழுத்தைத் தடவிப் பார்த்தால் கட்டி எதுவும் இல்லை. நாக்கிலுள்ள நோயை மட்டும் வெட்டி அகற்றிவிட்டு, கழுத்தில் பிற்பாடு கட்டி தோன்றுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பதா? அல்லது முதல் சத்திரசிகிச்சையிலேயே, நோய் பரவக்கூடிய கழுத்து நிணநீர்க் கணுக்களையும் அகற்றிவிடுவதா? பல பத்தாண்டுகளாக இரண்டு பக்கத்திலும் அறிஞர்கள் நின்று வாதாடினார்கள். மும்பையிலுள்ள டாட்டா நினைவு வைத்தியசாலை நோயாளிகளை இரு பிரிவாக்கிச் செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளியானது. முதலிலேயே கழுத்துக்கும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டவர்களில் மூன்று ஆண்டுகளின் பின் 80 சதவீதமானோர் உயிருடன் இருந்தார்கள். காத்திருந்து பார்த்த பிரிவில் அது 67.5 சதவீதம். நூறு பேரில் பன்னிரண்டு பதின்மூன்று பேரின் உயிர் அந்த ஒரு முடிவில் தங்கியிருந்திருக்கிறது. அதுவும் நம்மைப் போலவே பாக்கும் புகையிலையும் மெல்லும் மக்களிடையே நடந்த ஆய்வு. 2010இல் நிபுணராகி அன்று கற்றதோடு நின்றுவிட்ட ஒருவரிடம் இன்று அந்த நோயாளி போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கதை அத்தோடு முடியவில்லை. 2017இல் வாய்ப் புற்றுநோயின் நிலையைக் கணிக்கும் முறை மாறியது. அதுவரை கட்டியின் அகலத்தைத்தான் முக்கியமாக அளந்தோம். இப்போது அது திசுவுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதையும் அளக்க வேண்டும். இரண்டு சென்ரிமீற்றர் அகலம்கூட இல்லாத புண், 5 மில்லிமீற்றருக்கு மேல் ஆழம் போயிருந்தால் இரண்டாம் நிலை. இரண்டு முதல் நான்கு சென்ரிமீற்றர் வரை அகலமான புண் 10 மில்லிமீற்றர் ஆழத்தைத் தாண்டினால் மூன்றாம் நிலை. இதை நான் மட்டும் படித்தால் போதாது. திசுவை நுணுக்குக்காட்டியில் பார்க்கும் நோயியல் நிபுணர் அந்த ஆழத்தை அளந்து அறிக்கையில் எழுத வேண்டும். ஸ்கான் பார்ப்பவர் அதைத் தேட வேண்டும். கதிர்வீச்சு சிகிச்சை தருபவர் அதே மொழியில் பேச வேண்டும். ஆகவே நிபுணரின் படிப்பு தனியாள் படிப்பாக இருக்கவே முடியாது. அவரைச் சுற்றியிருக்கும் குழு முழுவதும் சேர்ந்து படித்தாக வேண்டும்.

இது நம் பகுதிக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய்தான். வயல் வேலையிலும் கடல் தொழிலிலும் வெற்றிலை உடன் இருக்கிறது. கலியாண வீட்டிலும் மரண வீட்டிலும் தட்டத்தில் வைத்து நீட்டுகிறோம். படுவான்கரையிலும் வாகரையிலும் வயதான பெண்கள் பலருக்கு அது சாப்பாட்டை விடவும் அவசியமாகிவிட்டது. புகையிலையை விட்டுவிட்டேன், வெறும் பாக்கும் வெற்றிலையும்தான் என்று சொல்லி நிம்மதியாக இருப்பவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் புகையிலை கலக்காத பாக்கையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று 2004இல் அறிவித்துவிட்டது. பாக்கு வாயின் உட்தோலுக்குக் கீழே நார்த்திசுவை வளர்க்கிறது. கன்னம் இறுகிப் பலகைபோலாகிறது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்காமல் போகிறது. கறி சாப்பிட்டால் எரிகிறது என்பதுதான் பலர் சொல்லும் முதல் முறைப்பாடு. சோடாவும் மருந்தும் குடித்து மாதங்கள் கழித்த பிறகே எங்களிடம் வருகிறார்கள்.

இந்த இடத்தில் எங்கள் பயிற்சியிலேயே ஒரு குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்டவும் தைக்கவும் எங்களுக்கு வருடக்கணக்கில் கற்றுத்தந்தார்கள். ஐம்பது வருடப் பழக்கத்தை ஒரு மனிதர் விட்டுவிட அவரோடு எப்படிப் பேசுவது என்பதற்கு ஒதுக்கப்பட்ட நேரம் மிகக் குறைவு. அதட்டினால் அவர் அடுத்த கிளினிக்குக்கு வரமாட்டார். எப்போது மெல்லத் தோன்றுகிறது, யாரோடு இருக்கும்போது, வயிறு காலியாக இருக்கும்போதா என்று கேட்டு, விடுவதற்கு ஒரு நாளை அவரே குறிக்கச் செய்து, அடுத்த முறை வரும்போது அதைப் பற்றி மறவாமல் விசாரிப்பது ஒரு திறமை. கத்தியைப் பழகியதுபோல் அதையும் பழக வேண்டும். தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் செயற்கைப் பல்வேர் பொருத்துவதற்குக் கிடைக்கும் இடத்தில் கால்வாசியாவது இதற்குக் கிடைத்தால் கிழக்குக்கு அதனால் வரும் நன்மை பெரிது.

அந்த நிகழ்ச்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல வகுப்புகளுக்கான செலவைப் பொருள் விற்கும் நிறுவனங்கள் ஏற்கின்றன. அவை விற்க விரும்பும் பொருளைச் சுற்றியே அன்றைய பாடம் அமைந்துவிடுவது உண்டு. நல்ல பேச்சாளர்கள் வருகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எது கற்பிக்கப்பட வேண்டும் என்பதை நம் வாட்டுகளில் படுத்திருக்கும் நோயாளிகள் தீர்மானிக்க வேண்டும்.

பல் மீளமைப்பு நிபுணர்கள் முன்னால் இப்போது வேறொரு பெரிய மாற்றம் நிற்கிறது. சூத்தைப் பல்லை அடைக்கும் வெள்ளிநிறக் கலவையில் பாதரசம் இருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா உடன்படிக்கை 2013இல் உருவானது. இலங்கையும் அதில் ஒரு தரப்பு. உடன்படிக்கை நாடுகள் படிப்படியாக இறுக்கிக்கொண்டு வந்து, 2034உடன் இந்தக் கலவையைக் கைவிடுவது என்று 2025இல் இணங்கியிருக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2025இன் தொடக்கத்திலேயே பெருமளவில் நிறுத்திவிட்டது. பழைய அடைப்பு உள்ளவர்கள் பயப்பட வேண்டாம். நல்ல நிலையில் இருக்கும் அடைப்பைத் தோண்டி எடுக்கத் தேவையில்லை. கவலை வேறு. மாற்றாக வரும் பல்நிறப் பொருள்கள் விலை கூடியவை. பல் முழுதாக ஈரமின்றி இருக்க வேண்டும், உறிஞ்சும் கருவி வேலை செய்ய வேண்டும், ஒளி பாய்ச்சும் விளக்குக்கு மின்சாரம் வேண்டும், ஒவ்வொரு படியிலும் கை பழகியிருக்க வேண்டும். வெள்ளிக் கலவை எச்சில் கொஞ்சம் பட்டாலும் பொறுத்துக்கொண்டு பல வருடம் இருந்தது, புதியது பொறுக்காது. ஒரு கிராமிய வைத்தியசாலையில் காலை முழுவதும் வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு நடுவே தனியாக வேலை செய்யும் பல் வைத்தியருக்கு இதை ஒரு சுற்றறிக்கையால் கற்பிக்க இயலாது. நிபுணர் அங்கே போய், அதே கதிரையில், அதே விளக்கின் கீழ் செய்துகாட்ட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் பல் அடைக்கும் கண்ணாடி அயனோமர் சீமெந்தையும் வெள்ளி டைஅமைன் புளோரைட்டையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. பின்னையது துளைபோடாமலே சூத்தையைத் தடுத்து நிறுத்தும் திரவம். பட்ட இடம் கறுத்துவிடும் என்பதைத் தாய்க்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிறு பிள்ளைகளுக்குப் பூசலாம்.

மருந்துகளால் வரும் சிக்கலும் கூடியிருக்கிறது. எலும்புத் தேய்வுக்கும் எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் கொடுக்கப்படும் சில மருந்துகள், பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பை அழுகவிடக்கூடும் என்று 2003இல்தான் முதலில் எழுதப்பட்டது. அதற்கு முன் படித்த எவருக்கும் இது பாடத்தில் இல்லை. பல் பிடுங்க வரும்போது நீங்கள் போடும் எல்லா மருந்தையும் ஊசியையும் சொல்லுங்கள். இருதயத்துக்கு, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வாபரின் குடிப்பவர்கள் பல் பிடுங்குவதற்காக நீங்களாகவே அதை நிறுத்த வேண்டாம். பல் வலிக்குப் பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிப்பதையும் விட்டுவிடுங்கள். சூத்தைப் பல்லின் நரம்பு வீங்கி வரும் வலிக்கு அது பயன்படாது.

இவ்வளவையும் படிப்பதற்கு இடையூறு எது என்றால், முதலாவது தூரம். கொழும்பு இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் போய், ஒரு நாள் வகுப்பில் இருந்து, மறுபடி இரவு ரயிலில் வந்து காலையில் சத்திரசிகிச்சைக் கூடத்தில் நிற்க முடியும். எத்தனை தடவை முடியும்? இரண்டாவது, தனிமை. பெரிய நகரங்களில் ஒரே பிரிவில் பலர் இருப்பார்கள். இங்கே ஒரு பிரிவுக்கு ஒருவர் என்றால் அவர் போகும் நாளில் கிளினிக் இல்லை. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பின் நிபுணர்கள் பலர் நாட்டை விட்டுப் போனார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் தங்கியிருப்பவர்களின் மேல் அந்த வேலையும் சேர்ந்துவிட்டது. முதலில் வெட்டுப்படுவது படிக்கும் நேரம்தான். கொரோனாவுக்குப் பிறகு சூம் வழியாக வகுப்புகள் வருகின்றன. பெரிய உதவி அது. இருந்தாலும் கை வேலையைத் திரையில் பார்த்துப் பழக முடியாது.

ஆகவே நான் கேட்பது இதுதான். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, கல்முனையின் ஆதார வைத்தியசாலைகள், அம்பாறை மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவற்றின் நிபுணர்களும் பல் வைத்தியர்களும் மாதத்தில் அரை நாள் ஓரிடத்தில் கூட வேண்டும், முறைவைத்து இடம் மாறி. விரிவுரை வேண்டாம். அந்த மாதத்தில் கடினமாக இருந்த நோயாளிகளின் கோவைகளைக் கொண்டுவர வேண்டும். சரியாக வராத சிகிச்சைகளை முதலில் எடுக்க வேண்டும். காது, மூக்கு, தொண்டை நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் நோயியலாளரும் அதே மேசையில் இருக்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுகாதாரப் பராமரிப்பு விஞ்ஞான பீடம் இங்கேயே இருக்கிறது; அங்கே படிக்கும் மருத்துவ, தாதிய மாணவர்கள் வாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்க்கப் பழக இதைவிட நல்ல இடம் ஏது? ஒவ்வொரு வாய்ப் புற்றுநோயாளியும் முதலில் புண்ணைக் கண்ட நாள், முதலில் யாரிடம் காட்டினார், எங்களிடம் வந்த நாள் என்ற மூன்றையும் ஒரு பதிவேட்டில் எழுதினால், தாமதம் எங்கே நடக்கிறது என்று ஒரு வருடத்திலேயே தெரிந்துவிடும்.

மொழியையும் தொழில்சார் கல்வியில் சேர்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்பாறையில் சிங்களம் பேசும் விவசாயியும் அக்கரைப்பற்றில் தமிழ் பேசும் முஸ்லிம் தாயும் ஒரே நிபுணரிடம் வரலாம். தாடையில் பாதியை அகற்றப்போகிறோம், அதன் பிறகு பேச்சும் சாப்பாடும் இப்படி மாறும் என்பதை அவ்வழியால் போகும் ஒரு ஊழியரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொல்லிப் பெறும் சம்மதம், சம்மதம் ஆகாது. இங்கே நியமனம் பெறும் சிங்கள வைத்தியர் தமிழையும், தமிழ் வைத்தியர் சிங்களத்தையும் இந்த அளவுக்காவது படித்தாக வேண்டும். அதற்கு வேலை நேரத்தில் வகுப்பு தர வேண்டியது சுகாதாரத் திணைக்களத்தின் கடமை.

மாதத்தில் அந்த அரை நாள் கிடைத்தால், அன்று கிளினிக் கதவில் ஓர் அறிவித்தல் தொங்கும். தூரத்திலிருந்து பஸ் ஏறி வருபவர்களுக்கு வீண் அலைச்சல் வராதபடி திகதியை முன்கூட்டியே இதே வானொலியில் அறிவிக்கலாம். அவசர நோயாளிகளைப் பார்க்க ஒரு வைத்தியர் எப்போதும் இருப்பார். இரண்டு வாரமாகியும் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புப் படை, வாய் திறக்க முடியாமை உள்ளவர்கள் அன்று வந்தாலும் திருப்பி அனுப்பப்பட மாட்டார்கள் என்பதை அந்த அறிவித்தலின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். மற்றவர்கள் அந்த ஒரு நாள் மட்டும் எங்களுக்குப் பொறுத்துத் தாருங்கள். வணக்கம்.