முதல் பாடத்தை யார் எழுதுவது?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வீட்டிலேயே படிக்கும் பதின்பருவப் பிள்ளைக்குப் புவியியல் பாடத்திட்டம் கடையில் வாங்கியதாக இருக்க வேண்டுமா, பிள்ளையோடு உட்கார்ந்து நாமே வகுத்ததாக இருக்க வேண்டுமா என்பது கேள்வி. "பிள்ளையைப் பாடத்திட்டம் வகுக்கச் சொல்வது, நோயாளியையே மருந்துச் சீட்டு எழுதச் சொல்வது போல" என்றார் எதிரணித் தலைவர். கைதட்டல் கிடைத்தது, நானும்தான் தட்டினேன். ஆனால் ஐயா, மருத்துவர் சீட்டு எழுதுமுன் "எங்கே வலிக்கிறது?" என்று நோயாளியிடம்தானே கேட்கிறார்?

என் மகளுக்கு வயது 14. உலக உருண்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தவள் திடீரென நிறுத்தினாள். "சகாரா வடக்கே, கலகாரி தெற்கே. நிலநடுக்கோட்டுக்கு இரு பக்கமும் பாலைவனங்கள் ஏன் இப்படி வரிசை கட்டி நிற்கின்றன?" அதுதான் எங்கள் முதல் பாடம். நிலநடுக்கோட்டில் சூடேறிய காற்று மேலே எழுகிறது, மழையை அங்கேயே கொட்டிவிடுகிறது, 30 பாகை அட்சரேகையை நெருங்கும்போது வறண்டு கீழே இறங்குகிறது. அங்கேதான் பாலைவனங்கள். பாடம் முடிந்தது என்று நான் புத்தகத்தை மூடினேன். அவள் மூடவில்லை. "ஷாங்காயும் 31 பாகையில்தானே இருக்கிறது? அங்கே மட்டும் ஏன் மழை?" பருவக்காற்றைத் தேடிப் போனோம். "தென் அமெரிக்காவின் அட்டகாமா பாலைவனம் கடலோரத்திலேயே கிடக்கிறது, அது ஏன் காய்கிறது?" ஹம்போல்ட் என்னும் குளிர் நீரோட்டத்தைத் தேடிப் போனோம். புத்தகத்தில் இவை மூன்று தனித்தனி அத்தியாயங்கள். எங்கள் வீட்டில் ஒரே பிடிவாதம்.

"பிடித்ததை மட்டும் படிப்பார்கள், ஓட்டை விழும்" என்றார்கள். விழும், மறுக்கவில்லை. அதனால்தான் வரைபடம் வாசிப்பது, அளவை, அட்சரேகை, தீர்க்கரேகை ஆகியவற்றில் என் வீட்டில் பேரம் கிடையாது. தேர்வு எழுதவேண்டியிருந்தால் அதன் பாடப்பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்டதைச் சேர்த்துக்கொள்ளலாம். அது ஒரு மாலை வேலை.

ஆனால் பேரமில்லாத பாடத்தையும் கையால் செய்யலாமே! 1569இல் வரைபட வல்லுநர் மெர்கேட்டர் வரைந்த முறையிலான உலகப் படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்குச் சமமாகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. உலக உருண்டையின் மேல் மெல்லிய தாளை வைத்து இரண்டையும் வரைந்து, வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்தோம். "இத்தனை நாள் ஏமாற்றிவிட்டார்கள்!" என்று அவளுக்குக் கோபம். கோபத்தோடே காரணம் தேடினாள். திசைகாட்டி காட்டும் ஒரே திசையில் போகும் கப்பலின் பாதை நேர்கோடாகத் தெரிய வேண்டும். மாலுமிகளுக்கான அந்த வசதிக்கு மெர்கேட்டர் கொடுத்த விலை, சரியான பரப்பளவு. எந்தப் படம் எதற்காக எதைத் தியாகம் செய்கிறது என்று இப்போது அவளே கேட்கிறாள். கடைப் பாடத்திட்டத்தில் அட்டவணை வரும், விடைத்தாள் வரும். அந்தக் கோபம் வருமா ஐயா?

நடுவர் மணியின்மேல் கை வைத்துவிட்டார். எதிரணி நண்பர் இன்றிரவு ஓர் உலக உருண்டையைத் தம் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் வாய் திறக்காமல் உட்காரட்டும். பிள்ளை கேட்ட முதல் கேள்வி எது, அது அவர் வாங்கிய புத்தகத்தில் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறது என்று அடுத்த சுற்றில் வந்து சொல்லட்டும். நன்றி, வணக்கம்.