நுனிப்புல் மேய்ச்சல்

நேயர்களுக்கு வணக்கம்.

இந்த உரைக்கு என்னை அழைத்த தயாரிப்பாளர் தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "ரீச்சர், எந்தத் துறையில் தேர்ச்சி பெற்றவர் என்று உங்களை அறிமுகம் செய்யலாம்?" என்பதுதான். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். அதைத் தவிர வேறெதிலும் தேர்ச்சி கிடையாது, அதைப் பற்றித்தான் பேச வருகிறேன் என்றேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. சற்றுமுன் நீங்கள் கேட்ட அறிமுகத்தில் 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று மட்டும் சொன்னார்கள். தப்பித்தேன்.

எனக்குத் தெரிந்தவை இவை. வயலினில் ஒரு கீதம் வாசிப்பேன். கடலில் மல்லாந்து மிதப்பேன், நீந்தத் தெரியாது. தூண்டில் போடுவேன். குரோசே ஊசியால் மேசை விரிப்பு பின்னுவேன், வட்டமாகத் தொடங்கும், முடியும்போது என்ன வடிவம் என்று நானே சொல்ல மாட்டேன். சதுரங்கத்தில் பேரனிடம் தோற்பேன். மிதப்பதைத் தவிர இதில் எதையும் ஒழுங்காகச் செய்ய வராது. எதையும் விடவும் மனமில்லை.

என் அம்மா இதற்கு ஒரு பழமொழி வைத்திருந்தார். பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான். நான் பின்னலைப் பாதியில் வைத்துவிட்டு வயலினை எடுத்தால் அடுப்படியிலிருந்து அந்தத் தச்சன் வந்துவிடுவான். அப்போது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது கேட்கலாம் போல இருக்கிறது: அம்மா, மரத்தைப் பார்ப்பது வெட்டுவதற்குத்தானா? தச்சனுக்குச் சரி, அது அவன் தொழில். தச்சன் இல்லாதவர்கள் என்ன செய்வது?

பள்ளிக்கூடத்தில் வேறொரு சொல் இருந்தது. நுனிப்புல் மேய்கிறவள். அதையும் நிறையக் கேட்டிருக்கிறேன். ஆனால் நேயர்களே, நாங்கள் திருகோணமலைக்காரர். கோணேசர் கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு முறையும் பிரெட்ரிக் கோட்டை வாசலுக்குள்ளால் நடந்து, அங்கே திரிகிற புள்ளிமான்களைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள். இப்போது அவை நகரத்துக்குள்ளும் வந்துவிடுகின்றன. ஒரு மான் ஒரே இடத்தில் நின்று அடிவேர்வரை கறண்டித் தின்று நான் பார்த்ததில்லை. இங்கே ஒரு கடி, அங்கே ஒரு கடி, நடுவில் தலையைத் தூக்கிக் கோயிலுக்குப் போகிறவர்களை ஒரு பார்வை. வேர்வரை கடிப்பது கட்டி மேய்க்கிற ஆடு. அதன் கயிறு அவ்வளவுதான் நீளம்.

இதில் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஓட்டுகிறவரும் ஊசி போடுகிறவரும் அரைகுறையாக இருக்கக் கூடாது. வகுப்பறையில் நானும் அப்படி இருக்கவில்லை. பாடத்தைத் தயார் செய்யாமல் ஒரு நாளும் கரும்பலகைக்கு முன்னால் நின்றதில்லை. சம்பளம் வாங்கிய வேலையை நான் இங்கே இழுக்கவில்லை. அந்த வேலை முடிந்து, அதன் அளவுகோலை மட்டும் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், லிகிதராக, எழுத்து வேலையில் இருந்தார். வானொலியில் பேசும்போது அவரைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் அவருடைய பைத்தியம் வானொலிதான். இராச் சாப்பாடு முடிந்தால் நாலு பாண்ட் ரேடியோவை விறாந்தைக்குக் கொண்டுவருவார். முருங்கை மரத்துக்கும் தென்னைக்கும் நடுவே ஒரு செப்புக் கம்பி கட்டியிருந்தார், அதுதான் ஏரியல். அப்புறம் சிற்றலையில் முள்ளை மயிரிழை அளவு நகர்த்திக்கொண்டே இருப்பார். மொஸ்கோ வரும். பீக்கிங் வரும். எந்த நாடு என்றே தெரியாத ஒரு பெண் குரல் வரும், செய்தி வாசிக்கிறாளா சமையல் குறிப்பு சொல்கிறாளா என்று விளங்காது. அப்பா தலையை ஆட்டிக் கேட்பார்.

கேட்டதைக் கொப்பியில் எழுதுவார். திகதி, நேரம், அலைவரிசை, பிறகு ஐந்து இலக்கம். சிற்றலை கேட்கிறவர்களுக்கு உலகம் முழுவதும் பொதுவான கணக்கு அது. சத்தத்தின் பலம், மற்ற நிலையங்களின் இடையூறு, இரைச்சல், அலையின் ஏற்ற இறக்கம், மொத்தத்தில் எப்படி என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை புள்ளி. அந்த அறிக்கையைத் தபாலில் அனுப்பினால், நிலையத்தார் 'ஆம், நீங்கள் கேட்டது எங்களைத்தான்' என்று உறுதிசெய்து ஒரு படஅட்டை அனுப்புவார்கள். சில வேளை மாதக்கணக்கில் எடுக்கும். வந்த அன்று வீட்டில் திருவிழா. அட்டைகளை ஒரு பிஸ்கற் தகரப்பெட்டியில் அடுக்கி வைத்திருந்தார்.

அவருக்கு ரேடியோவின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. பழுதானால் கடைக்குத்தான் கொண்டுபோவார். நான் பல்கலைக்கழகம் போய் வந்த பெருமையில், தூரத்து நிலையங்கள் ஏன் இரவில் நன்றாகக் கேட்கின்றன என்று ஒரு நாள் விளக்கினேன். பகலில் சூரிய வெளிச்சத்தால், வானத்தில் உயரே இருக்கிற அயன மண்டலத்தின் கீழ் அடுக்கு அலைகளை விழுங்கிவிடும், இருட்டினால் அந்த அடுக்கு கலைந்துவிடும், மேல் அடுக்கு மட்டும் நின்று அலையைத் திருப்பிப் பூமிக்கு அனுப்பும் என்று படம் கீறிக் காட்டினேன். "ஓ" என்றார். முள்ளைத் திருப்பினார். அவ்வளவுதான்.

1980களில் ஜெர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி எங்கள் ஊர்ப்பக்கமே, தன் ஒலிபரப்பை வாங்கித் திருப்பி ஒலிபரப்புகிற ஓர் அஞ்சல் நிலையத்தை அமைத்தது. பெரிய பெரிய கோபுரங்கள். ஊரெல்லாம் பெருமை. அப்பாவுக்கு மட்டும் முகம் தொங்கிவிட்டது. "கொலோனிலிருந்து வாறது எண்டு கஷ்டப்பட்டுத் தேடினன். இப்ப அடுத்த வீட்டிலயிருந்து கூப்பிடுற மாதிரிக் கேக்குது. இது கள்ள ஆட்டம்" என்றார்.

1990இல், யுத்தத்தில், இங்கிருந்து பலரைப் போல நாங்களும் வீட்டை விட்டுப் போனோம். அம்மா காணி உறுதிகளையும் சேட்டிபிக்கற்றுகளையும் எடுத்தார். தகரப்பெட்டி நின்றுவிட்டது. திரும்பி வந்தபோது கூரையில் பாதி இல்லை. பெட்டி இருந்தது, துருப்பிடித்து. உள்ளே அட்டைகள் மழைத்தண்ணீரில் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. மற்றவர்கள் கூரைக்கு என்ன வழி என்று பேசிக்கொண்டிருக்க, அப்பா முற்றத்தில் பாயை விரித்து, ஒவ்வோர் அட்டையாக நகத்தால் பிரித்து, கருவாடு காயவைக்கிற மாதிரி பரப்பினார். காற்றுக்குப் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின்மேலும் ஒரு கூழாங்கல். மூன்று நாள். அம்மா முதல் நாள் ஏசினார். இரண்டாம் நாள் கல் பொறுக்கிக் கொடுத்தார்.

வயலின் கதை இதைவிடச் சின்னது. பதினொரு வயதில் ஆசையாகத் தொடங்கினேன். ஆறு மாதத்தில் ஆசை என்ற பேச்சே போய், தரப் பரீட்சை என்ற பேச்சு வந்தது. முதலாம் தரம் பாஸ், இரண்டாம் தரம் பாஸ், மூன்றாம் தரத்தில் செய்முறைப் பரீட்சையில் கை நடுங்கி வில் தந்திக்குக் குறுக்கே வழுக்கியது. பெயில். வயலின் கட்டிலுக்கடியில் போனது. நாற்பது வருடத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் கடற்காற்றில் தந்தி எல்லாம் துரு, வில்லின் மயிரைப் பூச்சி தின்றிருந்தது, தந்திகளைத் தாங்குகிற குதிரை கழன்று பெட்டிக்குள் உருண்டுகொண்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து தந்தி வருவித்தேன். இப்போது பின்னேரங்களில் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, அப்புறம் மலஹரியில் அந்த ஒரு கீதம். அதற்குமேல் போகிற உத்தேசம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "அன்ரி, திரும்பவும் அதே இடத்தில பிழை" என்று சொல்லும். சரியாகத்தான் சொல்லும்.

அந்தப் பிள்ளையே முன்பு நன்றாகப் படம் கீறும். ஓடுகிற மானுக்கு எட்டுக் கால் போட்டிருந்தது. ஏன் என்றால், ஓடும்போது அப்படித்தானே தெரியுது என்றது. பார்த்த பெரியவர்களுக்குக் கை துறுதுறுத்தது. வகுப்பில் சேர்த்தார்கள், போட்டிக்கு அனுப்பினார்கள். இப்போது இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு தென்னை, ஒரு தோணி. மானுக்கு நாலு கால். பரிசும் கிடைத்தது. படக் கொப்பியைக் கேட்டால் தேட வேண்டியிருக்கிறது.

இப்படிப் பேசினால் யாராவது ஒருவர் உதவிக்கு வருவார், பொழுதுபோக்கால் எவ்வளவு பெரிய நன்மை பார்த்தீர்களா என்று. உதாரணமும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஆர்தர் சி. கிளார்க், செயற்கைக்கோள்களை வானத்தில் நிறுத்தி உலகம் முழுவதும் ஒலிபரப்பை அஞ்சல் செய்யலாம் என்று 1945இல் கட்டுரை எழுதியவர். 1956இல் இந்த நாட்டுக்கு வந்தபோது அவரை இழுத்தது வானமல்ல, கடலுக்குள் சுழியோடுகிற ஆசை. தோழர் மைக் வில்சனோடு கோணேசர் கோயில் நிற்கிற சுவாமி மலையின் அடியில் கடலுக்குள் இறங்கியபோது, போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழைய கோணேசர் கோயிலின் தூண்களும் செதுக்கிய கற்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார்கள். அருமையான கதை. ஆனால் அதை நான் சாட்சிக்குக் கூப்பிடப் போவதில்லை. அவருக்குத் தூண் கிடைத்தது. கல்லும் மணலும் மட்டும் கிடைத்திருந்தால் அந்தச் சுழியோட்டம் வீணா? மறதி வராது, இரத்த அழுத்தம் குறையும் என்று சொல்கிறார்களே, அதுவும் இதே வகைதான். குறைந்தால் சந்தோஷம். ஆனால் இரத்த அழுத்தத்துக்காக வயலின் வாசிக்கிறவரின் கீதத்தைக் கேட்க எனக்கு விருப்பமில்லை.

மிதப்பது எப்படி என்று கேட்டால் சொல்வேன், ஏனென்றால் அது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும். வாடைக்காற்று அடங்கி, சித்திரை பிறந்ததிலிருந்து புரட்டாதி வரை எங்கள் கடல் பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். விடிய ஆறு மணிக்கு டச்சுக்குடாப் பக்கம் போய், சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பின்பக்கம் சாய வேண்டும். முதலில் கழுத்து மறுக்கும். கழுத்தை விட்டுவிட்டால் கால் தானாக எழும்பும். உப்புத் தண்ணீர் தாங்கிக்கொள்ளும். காது தண்ணீருக்குள் போனதும் ஊர்ச் சத்தம் நின்றுவிடும். பாறைப்பக்கமாக மிதந்தால் மொறுமொறு என்று, அப்பளம் பொரிக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். கொடுக்கைச் சொடுக்கிச் சத்தம் போடுகிற சின்ன இறால் வகை ஒன்று இருக்கிறது, அவை கூட்டமாகச் செய்கிற வேலை. ஐம்பத்தைந்து வயதில்தான் அதை முதலில் கேட்டேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்.

"அப்படியே நீந்தவும் பழகலாமே அத்தை, புறாமலைத் தீவுக்குப் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம்" என்று மருமகள் கேட்கிறாள். பார்க்கலாம், அவசரமில்லை.

கடைசியாகத் தூண்டில். உட்துறைமுகக் கரையில் பின்னேரம் போய் நிற்கிறேன். தங்கூசி நூல், ஒரு முள், ஒரு ஈயக்குண்டு, இரைக்கு இறால். தடி கிடையாது. நூலைச் சுட்டுவிரலுக்கு மேலால் விட்டுக்கொண்டு நிற்க வேண்டும். மீன் கொத்துவது முதலில் விரலுக்குத்தான் தெரியும், யாரோ கதவை நகத்தால் தட்டுகிற மாதிரி. இரண்டு வருடத்தில் நான் பிடித்தவற்றில் முக்கால்வாசி பேத்தை மீன். இரையை அது அழகாகக் கடித்துத் தின்றுவிடும், தப்பித்தவறி முள்ளில் அகப்பட்டால் பந்துபோல ஊதிக்கொண்டு என்னை முறைக்கும். நஞ்சு மீன், கறிக்கும் ஆகாது. கழற்றித் திரும்பப் போட்டுவிடுவேன். ஒரு பாரையும் பிடித்தேன், உள்ளங்கை அளவு. ஒரு செருப்பும்.

பக்கத்தில் வழக்கமாக ஒரு பெரியவர் இருப்பார். கரைவலை இழுத்தே காய்த்துப்போன கைகள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ என்னைப் பார்த்துச் சொன்னார், "ரீச்சர், எங்களுக்கு இது வயித்துப்பாடு. உங்களுக்கு விளையாட்டு. விளையாடுங்கோ, ஆனாச் சத்தம் போடாம விளையாடுங்கோ, மீன் ஓடிப்போகும்." எனக்கு முகம் சுருங்கியது. நியாயமான பேச்சு. பிழைப்புக்காக அலைகிறவர் முன்னால் பொழுதுபோக்கு என்று பேசுவதே கொஞ்சம் கூச்சம்தான். நேரமும் நாலு காசும் இல்லாதவர்களிடம் போய் வயலின் வாசியுங்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது.

ஆனால் இரண்டு மாதம் கழித்து அவரே தன் கைத்தொலைபேசியில் ஒரு படம் காட்டினார். மணல் முற்றத்தில், பழைய வாளி ஒன்றில் ரோசாச் செடி. உப்புக்காற்றில் ரோசா வராது என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். ஏழெட்டுச் செடி பட்டுப்போய்விட்டதாம். இந்தச் செடியில் இரண்டு பூ. ஒன்றை ஆடு தின்றுவிட்டது. "மற்றது நாலு நாள் நிண்டது, ரீச்சர்" என்றார், நான் மீன் பிடிக்கிற லட்சணத்தில்தான் அவரும் பூ வளர்க்கிறார். அதற்குப் பிறகு எனக்கு நல்ல இடத்தை அவரே காட்டித் தருகிறார். அங்கேயும் பேத்தைதான் வருகிறது.

நிலையத்தில் கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறது. போகிற வழியில் சந்தையில் கால் கிலோ இறால் வாங்க வேண்டும். கறிக்கு அல்ல.

வணக்கம்.